முகூர்த்த நாள்: பின்கட்டு வேலை

ஸ்டோர் ரூம் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கல்யாணம் எப்படிப் போகும் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். பெண்ணின் அப்பா இடுப்பில் இருந்தால், சர்க்கரை வேண்டும் என்றாலும் அவரைத் தேடுவார்கள், இலைக்கட்டு வந்து இறங்கினாலும் அவரைத் தேடுவார்கள், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றவும் அவர்தான் தலையாட்ட வேண்டும். மணவறைக்கு முன்னால் அவருக்கென்று போட்ட நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடக்கும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒன்று நடந்தது. தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிய மனிதரை, சிலிண்டர் வண்டிக்காரன் வந்து கூப்பிட்டான். ரெண்டு நிமிஷம்தானே என்று அவரும் பின்வாசலுக்குப் போனார். காலி சிலிண்டர் எத்தனை, நிறைந்தது எத்தனை என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே கெட்டிமேளம் கொட்டிவிட்டது. ஓடிவந்தவர் கையில் அட்சதைக்குப் பதில் சிலிண்டர் ரசீது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிலிண்டர் எண்ணுவது என் வேலை. நான் அப்போது போட்டோகிராபரோடு விளக்கு எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தேன்.

அதனால் இந்த அத்தியாயத்தில் அலங்காரம், தீம், நுழைவாயில் பூ எதுவும் வராது. அவையெல்லாம் முந்தின நாளே முடிந்துவிடும் வேலைகள். முகூர்த்த நாளன்று நமக்கு ஒரே வேலைதான்: வீட்டுக்காரரிடம் போய்ச் சேர வேண்டிய கேள்விகளை நடுவழியில் மறித்து நாமே பதில் சொல்வது. மூன்று விஷயம் மட்டும் அவர் காதுக்குப் போகலாம். பேசியதற்கு மேல் பணம் செலவாகும் விஷயம், சடங்கை மாற்றும் விஷயம், உடம்புக்கு முடியாமல் போன விஷயம். மற்றதெல்லாம் நம்மோடு நிற்க வேண்டும். முந்தின நாள் மாலையே சாவியை அவரிடமிருந்து கேட்டு வாங்குங்கள். கொடுக்க மனசு வராது. கொடுத்த பிறகுதான் நீங்கள் அந்தக் கல்யாணத்துக்கு மேனேஜர்.

இரண்டு பக்கத்து ஊர்

ஹனூரில் கல்யாண வேலை பார்க்கிறவர்கள் ஒரு பழைய வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1956 நவம்பரில் மாநில எல்லைகள் மாறும்வரை கொள்ளேகால் தாலுகா முழுவதும் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஹனூர் அதற்குள் ஓர் ஊர். பிறகு மைசூர் மாவட்டம், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். கோடு மாறினாலும் சம்பந்தம் மாறவில்லை. சத்தியமங்கலம், அந்தியூர், மேட்டூர்ப் பக்கத்திலிருந்து பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. மார்டள்ளி போன்ற கிராமங்களில் வீட்டுப் பேச்சே தமிழ்தான்.

இதனால் ஒரே மண்டபத்தில் இரண்டு பஞ்சாங்கம், இரண்டு சமையல், இரண்டு மொழி. தமிழ்நாட்டுப் பக்கம் ஆடி ஆகாது என்பார்கள், கர்நாடகப் பக்கம் ஆஷாடம் ஆகாது என்பார்கள். ஒன்று சூரியக் கணக்கு, மற்றது சந்திரக் கணக்கு. இரண்டும் முழுசாக ஒன்றின்மேல் ஒன்று விழாது. இரண்டு வீட்டாரையும் திருப்திப்படுத்த வேண்டுமென்றால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை மண்டபத்துக்கு வெள்ளையடிக்கலாம்.

நாளன்று உங்களோடு நிற்கும் ஆட்களில் ஒருவராவது இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிறவராக இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரை வாசலில் பார்த்ததும் 'ஊட்டா ஆயித்தா?' (சாப்பிட்டாச்சா?) என்று கேட்கத் தெரிந்த பையன், பன்னீர் தெளிக்கும் நான்கு பேருக்குச் சமம்.

ரோடு

வெளியூர் புத்தகங்களில் கல்யாண நாள் மண்டபத்தில் தொடங்கும். ஹனூரில் அது திம்பத்தில் தொடங்குகிறது.

ஹனூருக்கு ரயில் கிடையாது. பக்கத்து ரயில் நிலையம் சாமராஜநகர். அதோடு அந்தப் பாதையும் முடிந்துவிடுகிறது. எனவே விருந்தாளி எல்லாரும் ரோட்டில்தான் வர வேண்டும். கோவை, சத்தியமங்கலம் ஆட்கள் பண்ணாரியில் ஏறி, 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து திம்பம், ஆசனூர், காரப்பள்ளம், சாமராஜநகர், கொள்ளேகால் என்று வருவார்கள். அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை அமலானது: சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை, கார் போன்ற சிறு வாகனங்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. யார் யாருக்கு விலக்கு என்பதில் பிறகு மாற்றங்கள் வந்தன. எனவே ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முந்தின வாரம் சோதனைச்சாவடியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்; போன வருஷம் விட்டார்கள் என்பதெல்லாம் பேச்சுக்கு ஆகாது.

இந்த ஒரு விதியே முகூர்த்த நாளின் கணக்கை மாற்றிவிடுகிறது. காலை 6 மணிக்கு முன் கீழிருந்து யாரும் ஏற முடியாது. ஆறுக்குக் கேட் திறந்து, வரிசையில் நின்ற வண்டிகளெல்லாம் நகர்ந்து, மலை ஏறி, ஹனூர் வந்து சேர நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, பத்து மணிக்கு முன் முகூர்த்தம் என்றால் அந்தப் பக்கத்து சொந்தம் முழுவதும் முந்தின நாளே வந்து தங்கியாக வேண்டும். ஹனூரில் லாட்ஜ் அறைகள் சொற்பம். கொள்ளேகால் 25 கிலோமீட்டர். மண்டபத்து ஹாலிலேயே பாய் விரித்துப் படுக்கிறவர்கள் எத்தனை பேர், கொள்ளேகாலில் அறை வேண்டியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு மூன்று நாளுக்கு முன்பே நோட்டில் இருக்கட்டும். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் அறைக்கு, இளவட்டங்கள் பாய்க்கு. அவர்கள் எப்படியும் தூங்கப் போவதில்லை.

அந்தியூர்க்காரர்கள் பர்கூர் மலை வழியாக ராமாபுரம் வந்து ஏறுவார்கள். மேட்டூர்க்காரர்களுக்குப் பாலாறு, மாதேஸ்வரன் மலை வழி. மூன்றும் காட்டு ரோடு. வீரப்பன் இருந்த நாட்களைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் இருட்டுவதற்குள் வண்டி ஏற வேண்டும் என்பார்கள். காரணம் பழையதாக இருந்தாலும் யோசனை சரியானதுதான், இப்போது யானைக்காக.

யானை என்றதும் ஒன்று. காரப்பள்ளம் பக்கத்தில் கரும்பு லாரிகளை யானைகள் மறித்து நிற்பது பேப்பரில் அடிக்கடி வரும் செய்தி. பந்தலுக்குக் கட்ட வாழை மரமும், சீர்த் தட்டுக்குக் கரும்பும் சத்தியிலிருந்து திறந்த வேனில் ஏற்றிவருகிறேன் என்று ஒரு மாமா கண்டிப்பாகச் சொல்வார். வேண்டாம் என்று சொல்லுங்கள். வாழை மரம் கொள்ளேகாலிலேயே கிடைக்கும்.

தமிழ்நாட்டுப் பதிவு வேனும் பஸ்ஸும் கர்நாடகத்துக்குள் வர பெர்மிட்டும் வரி ரசீதும் வேண்டும். அது டிராவல்ஸ்காரர் பொறுப்பு என்று விட்டுவிடாமல், ரசீதின் படத்தை முந்தின நாள் வாட்ஸப்பில் வாங்கிப் பாருங்கள். சாவடியில் ஒரு மணி நேரம் நிற்கும் பஸ்ஸுக்குள்தான் பெரும்பாலும் அத்தை சீர் இருக்கும். தேர்தல் நேரமென்றால் இன்னொரு தலைவலி. 2024 லோக்சபா தேர்தலுக்கு மார்ச் 16 அன்று நடத்தை விதி வந்தது, ஜூனில்தான் விலகியது. அந்தப் பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தமெல்லாம் அதற்குள் மாட்டின. ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்து வைக்கும். மண்டப பாக்கி, சமையல் பாக்கி எல்லாவற்றையும் வங்கி வழியாக முடித்துவிடச் சொல்லுங்கள். நகைக்கு பில், பணத்துக்கு வங்கிச் சீட்டு, கூடவே ஒரு கல்யாணப் பத்திரிகை: இந்த மூன்றும் நகைப் பையிலேயே இருக்கட்டும்.

முந்தின இரவு

பாத்திர வாடகைக்காரர் இறக்கும்போது எண்ணி வாங்குவது, பந்தல்காரருக்குச் சொன்ன இடத்தில் சொன்ன விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது எல்லாம் முன் அத்தியாயத்தில் வந்துவிட்டது. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு, கரண்டும் தண்ணீரும்.

ஜெனரேட்டர் இருக்கிறது என்று மண்டபத்துக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள். மெயினை நிறுத்திவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எது எது எரிகிறது என்று நடந்து பாருங்கள். பல மண்டபங்களில் ஹாலும் மேடையும் ஜெனரேட்டரில் இருக்கும். மணப்பெண் அறையும் சமையல்கட்டும் இருக்காது. காலை நாலரை மணிக்கு ஜடை பின்னிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் செல்போன் வெளிச்சத்தில்தான் பூ வைக்க வேண்டிவரும். மணப்பெண் அறைக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்துவைக்க எலெக்ட்ரீஷியனுக்கு இருபது நிமிடம் போதும், பகலில் சொன்னால். மாவு அரைக்கும் கிரைண்டர் எந்த லைனில் இருக்கிறது என்றும் பாருங்கள். டீசல் கேன் ஒன்று கூடுதலாக வாங்கி ஸ்டோரில் வைக்காமல் ஜெனரேட்டர் ரூமிலேயே பூட்டிவையுங்கள். டீசலும் சமையல் சாமானும் ஒரு கூரையின்கீழ் இருக்கக் கூடாது என்பதற்குப் பின்னால் காரணம் சொல்கிறேன்.

தண்ணீர்க் கணக்கு எளிது. இரவு தங்கிக் குளிக்கிறவர் ஒருவருக்கு 40 லிட்டர், சாப்பிட்டுவிட்டுப் போகிறவருக்கு சமையல், கை கழுவல் எல்லாம் சேர்த்து 10 லிட்டர். முந்நூறு பேர் தங்கி, ஆயிரம் பேர் சாப்பிட்டால் 22,000 லிட்டர். மேல்தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டு, குறைகிறதற்கு டேங்கர் சொல்லிவிடுங்கள். டேங்கர் வர வேண்டிய நேரம் காலை நான்கு மணி அல்ல, முந்தின இரவு. நான்கு மணிக்கு வருகிறேன் என்றவர் ஆறரைக்குத்தான் வருவார்.

பிறகு, ஒலிபெருக்கி. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் மைக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. அதிகாலை முகூர்த்தத்துக்கு நாதசுரமும் தவிலும் வெறுமனே வாசித்தாலே ஊர் எழுந்துவிடும். வெளிக் கூம்பைக் கழற்றிவைக்கச் சொல்லுங்கள்.

மூன்று மணி

எழுந்ததும் முதலில் சமையல் மாஸ்டரிடம் போங்கள். காபி வந்துவிட்டதா என்பது சும்மா கேட்கும் கேள்வியில்லை. பால் வந்தது, அடுப்பு எரிகிறது, தண்ணீர் வருகிறது, ஆள் எழுந்துவிட்டான் என்ற நான்கு செய்தியும் ஒரு டம்ளர் காபியில் இருக்கிறது. காபி நாலு மணிக்கு வரவில்லையென்றால் டிபன் ஏழுக்கு வராது.

அடுத்தது மணப்பெண் அறை. அங்கே ஆண்கள் போக வேண்டாம். உங்கள் குழுவில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும், அவர் அந்த அறையை விட்டு நகரக் கூடாது. அவர் கையில் ஒரு பை: ஊக்கு, ஊசி நூல், கத்தரி, தலைவலி மாத்திரை, குளுக்கோஸ், சானிடரி நாப்கின், உறிஞ்சுகுழல், கூடுதல் மெட்டி ஒரு ஜோடி. பெண் முந்தின ராத்திரியிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கமாட்டாள். லிப்ஸ்டிக் போடுவதற்கு முன் இரண்டு இட்லி உள்ளே போக வேண்டும். முகூர்த்தத்தில் பெண் மயங்கினாள் என்று கேள்விப்படுவதில் பாதி, இந்த இரண்டு இட்லி போகாததால் வந்தது. நோன்பிருக்கும் வழக்கமுள்ள வீடா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பியூட்டிஷியனுக்கு முகூர்த்த நேரத்தைச் சொல்லாதீர்கள். பெண் அறையை விட்டு வெளியே வர வேண்டிய நேரத்தைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் இருக்கும். போட்டோகிராபர் அந்த ஒரு மணியைத் தனக்குக் கிடைத்ததாக நினைப்பார். அவருக்குப் பதினைந்து நிமிடம் என்று கடிகாரத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். டிரோன் என்று பேச்செடுத்தால், சுற்றிலும் காவிரி, மலை மாதேஸ்வரா வனவிலங்குச் சரணாலயங்கள் இருக்கின்றன, வனத்துறை அனுமதியில்லாமல் காட்டோரம் பறக்கவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டு வாத்தியார்

ஹனூர் கல்யாணத்தில் மிகுந்த நயம் வேண்டிய வேலை இதுதான். பெண் வீடு கொங்குப் பக்கம் என்றால் அருமைக்காரர் வருவார், இணைச்சீர் இருக்கும், மங்கல வாழ்த்து இருக்கும். மாப்பிள்ளை வீடு இந்தப் பக்கம் என்றால் நடுவில் திரை பிடித்து, வெற்றிலையில் வைத்த சீரகமும் வெல்லமும் ஒருவர் தலையில் ஒருவர் வைக்க வேண்டும். ஜீரிகெ பெல்லா என்பார்கள். தாரை வார்ப்பது இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் எப்போது, எப்படி என்பதில் வேறுபாடு வரும். லிங்காயத்து வீடென்றால் ஜங்கமர் நடத்துவார். மார்டள்ளியில் கிறிஸ்தவக் கோயில் கல்யாணமென்றால், மூன்று ஞாயிறு ஓலை வாசித்து முடிந்து, பூசை நேரத்தைச் சாமியார் குறித்துவிடுவார். அங்கே நாம் செய்ய ஒன்றுமில்லை, நேரத்துக்குப் போய்ச் சேர்வதைத் தவிர.

இரண்டு வழக்கமும் கலந்த முகூர்த்தத்தில் சண்டை மேடையில்தான் வரும், அதுவும் கடைசிப் பத்து நிமிடத்தில். வராமலிருக்க ஒரே வழி, முந்தின இரவு இரண்டு தரப்புப் பெரியவர்களையும் வாத்தியார்களையும் ஒரே பாயில் உட்காரவைத்து, எதற்குப் பின் எது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது. நீங்கள் யோசனை சொல்லாதீர்கள், கேட்டு எழுதுங்கள். மூன்று கேள்விக்கு விடை அந்தத் தாளில் இருந்தே ஆக வேண்டும். தாலியை எந்தப் பக்கத்துக் கயிற்றில், எந்த வடிவில் கோத்திருக்கிறார்கள்? இரண்டாவது, மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையே போடுவாரா, நாத்தனார் போடுவாரா? கெட்டிமேளத்துக்குக் கை காட்டுவது யார்?

மூன்றாவது கேள்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் இரண்டு வாத்தியார் இருக்கும் மேடையில், ஒருவர் ஏதோ எடுக்கக் கையைத் தூக்குவார், தவில்காரர் அதை சைகை என்று எடுத்துக்கொண்டு கொட்டிவிடுவார். நாதசுரமும் தவிலும் வாசிக்கும் ஓலகக்காரர்கள் ஹனூர்க்காரர்களாக இருந்தால் தமிழ் வாத்தியாரின் சைகை அவர்களுக்குப் பழக்கமிருக்காது. யார் கையை மட்டும் பார்க்க வேண்டும் என்று தவில்காரரை அழைத்துவந்து நேரில் காட்டிவிடுங்கள்.

அப்பாவை நாற்காலியில் உட்காரவைக்கும் நேரமும் இதுதான். தாரை வார்த்து இறங்கியதும் அவர் பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் நிற்க வேண்டும். வேறெதற்கும் இல்லை, யாராவது 'மாமா, ஒரு நிமிஷம்' என்று கூப்பிட்டு வந்தால், 'சொல்லுங்கண்ணா, என்கிட்ட சொல்லுங்க' என்று மறிக்க.

சமையல்கட்டு

2018 டிசம்பர் 14 அன்று இந்தத் தாலுகாவிலேயே, சுள்வாடி கிராமத்துக் கிச்சுகுத்தி மாரம்மன் கோயிலில், கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டும் விழாவில் கொடுத்த பிரசாதச் சோற்றைச் சாப்பிட்டு 17 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். கோயில் நிர்வாகத்தில் இருந்த பகையால் சோற்றில் பூச்சிமருந்து கலக்கப்பட்டது என்பது போலீஸ் வழக்கு. வாடை வந்தது என்று சாப்பிட்டவர்கள் பிறகு சொன்னார்கள். கொள்ளேகால், மைசூர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின.

அது கல்யாணம் இல்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் பெரிய அளவில் சமைக்கிற எவரும் அதை மறந்துவிட்டு அடுப்பு மூட்ட முடியாது. நான் வேலை செய்யும் முறையே மாறியது. சமையல்கட்டுக்கு இரண்டு வாசல் இருந்தால் ஒன்றைப் பூட்டிவிடுவேன். மற்றதில் ஓர் ஆள். அவருக்கு வேறு வேலை கொடுப்பதில்லை. தண்ணீர் எடுத்துவா என்றுகூட யாரும் அவரை அனுப்பக் கூடாது. சமைப்பவர், காய் நறுக்கும் பெண்கள், பரிமாறுகிறவர்கள் தவிர உறவினர் யாரும் உள்ளே போவதில்லை. 'நான் பொண்ணோட சித்தப்பா' என்பவருக்கும் அங்கேதான் நிற்பு. டீசல், கரப்பான் மருந்து, பினாயில், மண்ணெண்ணெய் எதுவும் சாமான் அறையில் இருக்கக் கூடாது. பழைய மருந்து டப்பாவில் உப்பு, எண்ணெய் எடுத்து வைக்கும் பழக்கம் கிராமத்துச் சமையலில் உண்டு. பார்த்த இடத்தில் தூக்கிப் போடுங்கள்.

ஒவ்வொரு பதார்த்தமும் இறக்கியதும் மாஸ்டர் ருசி பார்க்கட்டும், அவர் முன்னால் நீங்களும் ஒரு கை. அதில் ஒரு சின்ன டப்பா எடுத்து, நேரம் எழுதி, பிரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள். வாடை மாறுகிறது என்று பரிமாறும் பையன் ஒருவன் சொன்னால்கூட அந்த அண்டாவை நிறுத்தும் அதிகாரம் உங்களிடம் இருக்க வேண்டும். இதை முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் பேசி வாங்கிவிடுங்கள். 'இலை போட்டாச்சு, எல்லாரும் உட்கார்ந்தாச்சு, இப்ப நிறுத்தினா மானம் போயிரும்' என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு மேல் உங்கள் குரல் இருக்க வேண்டும். காமகெரே மருத்துவமனையின் எண், கொள்ளேகால் அரசு மருத்துவமனையின் எண், 108, ஒரு காலி வண்டி, அதற்கு ஒரு டிரைவர், அவர் குடிக்காதவர்: இது எல்லாக் கல்யாணத்துக்கும்.

பந்திக் கணக்கு

ஆயிரம் பேர், ஹாலில் 240 இலை என்றால் ஐந்து பந்தி. ஒரு பந்திக்கு, இலை போட்டு, பரிமாறி, எடுத்து, துடைத்து, மறுபடி இலை போட நாற்பது நிமிடம். ஆக மூன்று மணி இருபது நிமிடம். பதினோரு மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தால் கடைசிப் பந்தி எழும்போது மணி இரண்டு இருபது. இதில் ஒரு பந்திக்குப் பத்து நிமிடம் கூடினாலே மூன்று பத்து ஆகிவிடும்.

நேரத்தைத் தின்பது சோறு அல்ல, எச்சில் இலை. இலையெடுக்க நான்கு பேர், துடைக்க நான்கு பேர் என்று தனியாகப் பேசுங்கள். பரிமாறுகிறவர்களே எடுப்பார்கள் என்றால் பந்தி நகராது. பிளாஸ்டிக் விரிப்புக்கும் தட்டுக்கும் கர்நாடகத்தில் 2016 முதலே தடை. காகிதச் சுருள், வாழை இலை போதும்.

என்ன முதலில் விழ வேண்டும் என்பதை இரண்டு வீட்டாரிடமும் கேளுங்கள். இந்தப் பக்கம் பல வீடுகளில் பாயசம் இலையில் முதலில் விழும், கோசம்பரி, ஒப்பட்டு கட்டாயம். அந்தப் பக்கத்தார் பாயசத்தைக் கடைசியில் அப்பளத்தோடு எதிர்பார்ப்பார்கள். நான் செய்வது, முதலில் ஒரு துளி, கடைசியில் ஒரு கரண்டி. யாரும் குறை சொன்னதில்லை. அரிசி நூறு பேருக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ. வெயில் காலத்தில் பத்தே போதும், மோர்தான் இரண்டு மடங்கு வேண்டும். ஒரேயடியாக வடிக்காதீர்கள். இரண்டாவது பந்தி உட்காரும்போது எத்தனை பேர் வாசலில் நிற்கிறார்கள் என்று எண்ணிவிட்டுக் கடைசி அண்டாவுக்கு உலை வையுங்கள். மிஞ்சும் சோறு பெரும்பாலும் அந்தக் கடைசி அண்டாதான்.

பீகரூட்டா, அதாவது சம்பந்திகளுக்குப் போடும் கறி விருந்து, வேறொரு நாள் வேறொரு சமையல். ராகி முத்தேயும் ஆட்டுக்கறியும். அதை முகூர்த்த நாள் மாலையிலேயே வைக்கச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், திம்பம் கேட் நேரத்தைக் காட்டுங்கள். பெண் வீட்டார் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள்.

மொய் மேசைக்குப் பக்கத்தில் உங்கள் ஆள் யாரும் நிற்க வேண்டாம், எழுதவும் வேண்டாம், சில்லறை மாற்றிக் கொடுக்கவும் வேண்டாம். மேசை, நாற்காலி, ஃபேன், பேனா இரண்டு, பூட்டுள்ள பெட்டி: அவ்வளவே நம் பங்கு.

ஒரு ஃபைல் மட்டும் உங்கள் பையில் இருக்கட்டும். பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 ஆனதற்குச் சான்று நகல், மண்டப ரசீது, பத்திரிகை. குழந்தைத் திருமணத்தை நடத்தியவர் மட்டுமல்ல, நடத்த உதவியவரும் 2006 சட்டத்தில் குற்றவாளிதான். சான்று தராத வீட்டு வேலையை ஒப்புக்கொள்ளவே வேண்டாம். பதிவுக்கு உதவும் என்பதால் தாலி கட்டும் படம் ஒன்றை, இருவர் முகமும் தெளிவாகத் தெரியும்படி, தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

மூன்றரை மணி

சத்திப் பக்கத்து பஸ் ஹனூரிலிருந்து மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். கொள்ளேகால், சாமராஜநகர், ஒரு டீ, ஒரு குழந்தை வாந்தி, சாவடியில் ஒரு வரிசை எல்லாம் சேர்த்து ஏழரைக்குள் ஆசனூர் தாண்டிவிடலாம். நாலரைக்குக் கிளம்பினாலும் போய்விடலாம் என்பார்கள். போகலாம், டயர் பஞ்சராகாதவரை. காட்டுக்கு இந்தப் பக்கத்திலேயே ஒன்பது மணிக்கு மாட்டிக்கொண்ட பஸ்ஸில் ஐம்பது பேர் விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆகவே பஸ்காரர்களை இரண்டாவது பந்திக்கு உட்காரவையுங்கள். டிரைவரையும் கிளீனரையும் முதல் பந்திக்கு. அவர்களைச் சாப்பிட அழைப்பதுதான் எல்லாக் கல்யாணத்திலும் மறந்துபோகிறது. இரண்டேமுக்காலுக்குத் தாம்பூலப் பைகளை மண்டபத்தில் கொடுக்காமல் பஸ் படியில் கொடுங்கள். பை வாங்க வருகிறவர் ஏறியும் விடுவார். பெண்ணை விட்டுப் போகிற அழுகைக்குப் பதினைந்து நிமிடம் கணக்கில் வையுங்கள். அந்தப் பதினைந்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள். அம்மா ஏறியபின், அப்பா கடைசியாக ஏறுவார். ஏறும்முன் சாவியைக் கேட்பார். பாத்திரக் கணக்கு முடியும்வரை என்னிடம் இருக்கட்டும், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

பஸ் போனபின் பாத்திரம் எண்ணுவது, கரண்டி ஒன்று குறைந்தால் எச்சில் இலைக் குழியில் தேடுவது, காலி சிலிண்டரைக் கணக்குப் பார்த்து ஏற்றுவது, சமையல் ஆட்களுக்குச் சம்பளம், மிஞ்சிய சோறு கெடுவதற்குள் பக்கத்து விடுதிக்கு அனுப்புவது. நீங்களும் உங்கள் ஆட்களும் சாப்பிடுவது அப்போதுதான். ரசம் ஆறியிருக்கும், மாஸ்டரிடம் சொன்னால் சூடு பண்ணித் தருவார்.

எட்டரை சுமாருக்கு போன் வரும். 'பண்ணாரி இறங்கிட்டோம்.' நேரத்தை நோட்டில் எழுதுங்கள். பிறகு ஸ்டோர் ரூமைப் பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.